பால்வாடிக்கு இன்னொரு டீச்சர்: சமூக நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், இதுபோன்ற கோப்புகள் கடைசியில் போய் நிற்கும் நிதித் துறைக்கும்,

வணக்கம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கண்டுபிடித்து வைத்திருப்பதை என்ன செய்தீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் உங்கள் துறையின் அங்கன்வாடிகளிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் செய்தது. 640 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரை நாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளரைக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய வேலை. 18 மாதம் கழித்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் சோதித்தபோது, கூடுதல் ஆள் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. மொழியிலும் கணக்கிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முந்தியிருந்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், கடும் சத்துக்குறைவு உள்ளவர்கள் ஆகியோரின் விகிதமும் அங்கே குறைவு.

புது ஆள் பாடம்தானே நடத்தினார், எடையும் உயரமும் எப்படி மாறின? பாடம் நடத்தும் பொறுப்பு குறைந்ததும், பழைய டீச்சருக்குச் சத்துணவு, சுகாதார வேலைகளைப் பார்க்க நேரம் கிடைத்தது. அவ்வளவுதான்.

நேரம் எங்கே போகிறது என்று தெரிய ஏதாவது ஒரு ஊர்ப் பால்வாடி வாசலில் காலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். எங்கள் ஊர் (திண்டுக்கல் மாவட்டம், மானாவாரிப் பக்கம்) மையத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சத்துமாவு வாங்க வந்த கர்ப்பிணியின் முகம் போனில் பதிவாக வேண்டும். உள்ளே சிக்னல் இல்லை. டீச்சர் அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், போனைத் தூக்கிப் பிடித்து, "கண்ணை மூடாதம்மா" என்கிறார். அங்கேயும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆயா அடுப்படியில் கலவை சாதத்துக்குக் காய் நறுக்குகிறார். நடுவில் பதினைந்து இருபது பிள்ளைகள், சுவரில் வரைந்த யானையைப் பார்த்தபடி. ஒரு பொடியன் எடை மெஷின் மேல் ஏறி இறங்கி விளையாடுகிறான். அதற்குள் செவிலியர் தடுப்பூசிப் பட்டியல் கேட்டு வந்துவிட்டார். வாக்காளர் பட்டியல் வேலை வரும் மாதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதில் அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள், அதிகாரிகளின் ஆய்வுக்கூட்டத்தில் குறிப்பாக.

ஆய்வைக் கேட்டு நடக்கிற பழக்கம் இந்த மாநிலத்துக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1970களின் தொடக்கத்தில் நடந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு, அதிகம் பாதிக்கப்படுவது பள்ளிக்கு வரும் வயதுப் பிள்ளைகள் அல்ல, மூன்று வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தைகள் என்று காட்டியது. 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். செலவு கையடக்கமாக இருந்தது, கடும் சத்துக்குறைவும் குறைந்தது. கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வியிலும் இதையே பார்த்தோம். கிராமப்புறப் பிள்ளைகளை 2019-இலேயே சோதித்து வைத்திருந்ததால் எவ்வளவு இழந்தார்கள் என்பது துல்லியமாகத் தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் அந்தத் திட்டத்தின் மாலை நேர வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் ஜே-பால் ஆய்வு மையத்தோடு 2014-இல் கைகோத்ததும் இதே அரசுதான்.

சரி, பிறகு அங்கன்வாடி மட்டும் ஏன் தேங்கி நிற்கிறது? பணம் என்பீர்கள். 54,439 மையங்களுக்கும் ஆள் என்றால் தொகை பெரிதுதான். ஆனால் பலன் செலவைவிடப் பல மடங்கு என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. செலவு இந்த வருடப் பட்ஜெட்டில் தெரியும், பலன் பதினைந்து வருடம் கழித்து வேறு யாரோ ஆட்சியில் இருக்கும்போது தெரியும். சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். இருக்கிற காலியிடங்களே குவிந்துபோய், 2025-இல் 7,783 பேரைச் சேர்க்க அறிவிப்பு விட வேண்டியிருந்தது. அது பழைய ஓட்டையை அடைப்பது. நான் கேட்பது வேறு.

எடுத்த எடுப்பில் எல்லா மையத்திலும் போடுங்கள் என்றும் கேட்கவில்லை. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டம் தொண்டு நிறுவனம் நடத்தியபோது பலன் தந்தது, அரசே நடத்தியபோது தரவில்லை. சின்ன அளவில் ஜெயித்தது பெரிய அளவில் தோற்கலாம். அதனால் மாவட்டத்துக்கு இரண்டு ஒன்றியம் எடுங்கள், வறண்ட ஒன்றியங்களும் மலைக் கிராமங்களும் அதில் வரட்டும். துறையே ஆளை எடுக்கட்டும், துறையே சம்பளம் கொடுக்கட்டும், பலனை வெளியாள் அளக்கட்டும். அப்புறம் சம்பளம். 2022-இல் அரசின் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளில் இருந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆள் எடுத்தது பள்ளிக் கல்வித் துறை. அந்த வழி வேண்டாம். உள்ளூர்ப் பெண்கள் கிடைப்பார்கள் என்பதற்காகக் கிடைத்த விலைக்கு வேலை வாங்குவதை எந்த ஆய்வும் பரிந்துரைக்கவில்லை.

முடிவு எதுவானாலும் எழுத்தில் சொல்லுங்கள். செய்யப்போவதில்லை என்றால் ஏன் என்று இரண்டு பக்கம், தமிழில். எங்கள் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவுகள் ஆங்கில ஆய்விதழில் இருக்கின்றன. எங்கள் ஊராட்சித் தலைவருக்கே அப்படி ஓர் ஆய்வு நடந்தது தெரியாது. நான் சொன்னபோது, "நம்ம பால்வாடியிலா?" என்று கேட்டார். உங்கள் பதிலை ஒவ்வொரு ஊராட்சிக்கும் அனுப்புங்கள். மே 1 கிராம சபைக்குள் வந்தால் பொருள் பட்டியலில் சேர்த்து வாசிக்க எங்கள் தலைவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
பால்வாடிக்குப் போகும் ஒரு பிள்ளையின் தாய்,
திண்டுக்கல் மாவட்டம்