மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வீட்டுக்கு மட்டும்தான் பட்ஜெட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல குடும்ப பட்ஜெட் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. சம்பளம் வந்த அன்னிக்கே இவ்வளவு வீட்டுக்கு, இவ்வளவு சேமிப்புக்குன்னு பிரிச்சிரணும், ஆறு மாச செலவுக்கு ஆகுற பணத்த தொடாம வச்சிருக்கணும்னு. தப்பு சொல்லல, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா நான் பேராவூரணி பக்கத்துல ஒரு கிராமத்துல பத்தொம்போது வருஷமா மளிகைக் கடை வச்சிருக்கேன், என் கடன் நோட்டுல நாப்பது வீட்டுக்கு மேல இருக்கு, அதுல ஒண்ணாந்தேதி காசு வர்ற வீடு மொத்தமே மூணு. மிச்சப்பேரு அந்தக் கட்டுரையில "சம்பளம் வந்த அன்னிக்கே"ங்கிற இடத்துலயே நின்னுருவாங்க.

ஒவ்வொரு வீட்டுக்கும் காசு வர்ற தேதி வேற சார். தென்னை வச்சிருக்கவங்களுக்கு நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு வெட்டு, சம்பா போட்டவங்களுக்கு தை மாசி, மல்லிப்பட்டினத்துல விசைப்படகுக்குப் போறவங்களுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கடலே கிடையாது, நிவாரணம் 8000 வரும், அதுலதான் ரெண்டு மாசமும் ஸ்கூல் தொறக்குற செலவும். நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு எப்ப ஏறுதோ அப்ப, 2024 கடைசியில செஞ்ச வேலைக்கெல்லாம் மாசக்கணக்கா கூலி வராம கெடந்துச்சு, தினம் கடைக்கு வந்து செல்போன எடுத்து மெசேஜ் வந்திருக்கான்னு என்னையப் பாக்கச் சொல்லுவாங்க. மகன் சிங்கப்பூர்ல இருக்கான்னு ஊரே பெருமையா பேசுற வீடு ஒண்ணு இருக்கு, அங்க மொத ரெண்டு வருஷம் ஏஜெண்ட் கடனுக்கே போயிருச்சு, அந்த ஆத்தா எங்கிட்ட கால் கிலோ பருப்புக்கு மேல வாங்கினதில்ல. 2023 செப்டம்பர்ல இருந்து உரிமைத்தொகை 1000 வருது பாருங்க, அது 15ஆம் தேதி ஏறுனா 16ஆம் தேதி என் நோட்டுல வரிசையா கோடு விழும். மாசச் சம்பளக்காரர் ஒருத்தரும் நோட்டுல இருக்காரு, இருவது தேதிக்கு மேல. ஆனா அவரு வரமாட்டாரு, பையன அனுப்புவாரு. வீடு கட்டுன லோன், காரு லோன்.

எங்க பக்கத்துல ஆறு மாச செலவுப் பணம் பேங்க்ல இருக்காது, மொய் நோட்டுல இருக்கும். ஆடி ஆவணியில மொய் விருந்து நடக்கும், கெடா வெட்டி ஊர் பூரா சோறு போட்டு மொய் வாங்குறது. வெளியூர்க்காரங்க இத கூத்துன்னு நெனைக்கிறாங்க, சில பேரு பிச்சைன்னே எழுதுறாங்க. எனக்கு கோவம் வரும். ஒருத்தர் எனக்கு 1000 செஞ்சிருந்தா அவரு முறை வர்றப்ப நான் அந்த 1000த்தோட புதுசா ஒரு 1000 சேத்து செய்யணும், புதுசு மட்டும்தான் இனிமே அவரு எனக்குத் திருப்ப வேண்டியது. வெறும் பழச மட்டும் செஞ்சா கணக்க முடிச்சுக்கிறோம்னு அர்த்தம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ நம்ம முறை. வட்டி கிடையாது, அடமானம் கிடையாது, பொண்ணு கல்யாணமோ போர்வெல் போடுறதோ அந்தக் காசுலதான்.

எங்க முறை 2019 ஆடி. அதுக்கு முந்தின நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடிச்சுது, எனக்கு நாப்பது தென்ன மரத்துல முப்பத்தோரு மரம் சாஞ்சிருச்சு, ஊருல எல்லாருக்கும் அதே கதி. விருந்து வைக்காதீங்கன்னு எங்க அண்ணன் சொன்னாரு. அஞ்சு வருஷமா ஊருக்கெல்லாம் செஞ்சது வெளிய நிக்குதேன்னு நான்தான் வச்சேன், இன்னிக்கும் அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. பந்தியில பாதி எல தான் போட்டோம். எழுதுற மேசைக்கிட்ட வந்து ஒரு பெரியவரு, 5000 செய்யவேண்டியவரு, 500 ரூவாய மடிச்சு கையில குடுத்துட்டு "தம்பி, மிச்சத்த பாக்கின்னு எழுதிக்க, மரம் காய்க்கட்டும்"னாரு. எழுதிக்கிட்டோம். அப்ப வச்ச கன்னு காய்க்க ஆறேழு வருஷம் ஆவும்னு அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இப்ப காய்க்குது, அவரு மகன் ரெண்டு தவணையா குடுத்து முடிச்சுட்டான்.

காத்திருக்கத் தெரியாத கடன்தான் இப்ப எங்க ஊரப் போட்டு அமுக்குது. வாரக்குழு, அதாவது பொம்பளைங்கள குழுவா சேத்து கம்பெனிக்காரங்க குடுத்து வாரா வாரம் வசூல் பண்ற கடன். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு கூடணும், ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க சேந்து போட்டுக் கட்டணும், மீன் தடைக்காலமா இருந்தாலும் சரி, ஐப்பசி மழையா இருந்தாலும் சரி. ஞாயித்துக்கெழம ராத்திரி கடைக்கு வந்து "அண்ணே சாமான் வேணாம், ஒரு ஐநூறு ரூவா மட்டும் இருந்தா குடுங்க, மேல போட்டு எழுதிக்குங்க"ன்னு கேக்குற பொம்பளைங்க எத்தன பேரு. மளிகைக் கடை நோட்டுல ரொக்கம் எழுதுறது இந்த அஞ்சாறு வருஷமாத்தான். எல்லாக் கடன் தவணையும் சேந்து ஒரு வீட்டோட மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே விதி போட்டிருக்காம். சரி, ஆனா காய் வெட்டுன மாசம் பதினஞ்சாயிரம், அடுத்த மாசம் சைபர்னு இருக்குற வீட்டுக்கு மாச வருமானம்னு எந்த நம்பர எழுதுறது? லோன் பாரம் எழுத வர்ற கம்பெனி பையன் ஏதோ ஒரு நம்பரச் சொல்லச் சொல்றான், இவங்களும் சொல்றாங்க. மெரட்டி வசூல் பண்ணக்கூடாதுன்னு 2025ல நம்ம கவர்மெண்டே சட்டம் கொண்டுவந்துச்சு, அதுக்கப்புறம் சத்தம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. திங்கக்கெழம கொறையல.

நகைக்கடனும் இதே லட்சணம்தான். என் மச்சான் மன்னார்குடி பக்கம் குறுவ நெல்லு போடுறவரு. 2025 குறுவைக்கு சன்ன ரகம் குவிண்டால் 2545ன்னு நல்ல வெலதான், ஆனா ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல நிக்குதுன்னு கொள்முதல் நிலையத்துல எடுக்காம மூட்டை ரோட்டோரத்துல தார்ப்பாய் போட்டுக் கெடந்துச்சு, அதுக்குள்ள செயின அடகு வச்ச வருஷம் முடிஞ்சிருச்சு. முன்னாடி வட்டிய மட்டும் கட்டி மாத்தி வைப்பாங்க, அப்ப அசலும் கட்டி திருப்பி, அப்புறம்தான் மறுபடி வைக்கணும்னாங்களாம். ஒரு நாளைக்கு மட்டும் வெளிய பணம் வாங்கி அதுக்கும் ஒரு வட்டி. இதுல பவுன் வெல ஏறுனதுல அதே செயினுக்கு இன்னும் கூடுதலா தர்றாங்கன்னு மேலயும் வாங்கிட்டாரு. அக்கா கழுத்துல இப்ப மஞ்சக் கயிறுதான்.

அதனால நீங்க அடுத்து எழுதுறப்ப எவ்வளவு சேக்கணும்னு எழுதுறதோட, தவணைத் தேதிய அறுப்புக்கும் காய் வெட்டுக்கும் மீன் சீசனுக்கும் ஏத்த மாதிரி ஏன் வைக்கமாட்டேங்குறாங்கன்னு பேங்க் ஆளுங்களையும் கம்பெனி ஆளுங்களையும் கேட்டு எழுதுங்க. கூட்டுறவு சொசைட்டி பயிர்க்கடன்ல அறுப்பு முடிஞ்சு கட்டுற மாதிரிதானே கெடு வைக்கிறாங்க, ஒழுங்கா கட்டுனா வட்டியும் இல்ல. அங்க நடக்குறது வாரக்குழுவுல ஏன் நடக்காது?

என் சந்தா இந்த மாசத்தோட முடியுதுன்னு ஆபீஸ்ல இருந்து கார்டு வந்துச்சு. காய் வெட்டு இன்னும் இருவது நாள் இருக்கு, வெட்டுனதும் அனுப்புறேன், புத்தகத்த நிறுத்திராதீங்க.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரன்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்