வாகன விற்பனையாளர் சங்கம்: 2024–2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டுச் செயற்குழுக் கூட்டங்களில் வேறு எந்தப் பொருளையும்விட அதிகமாகப் பேசப்பட்டது பதிவாகாத வண்டியை விற்பனையாளர் சாலையில் எடுக்க அனுமதிக்கும் வணிகச் சான்றிதழும் (நாம் டி.சி. என்று சொல்வது), அதற்குரிய சிவப்பு நம்பர் பிளேட்டும்தான். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியுள்ளேன்.

பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. விற்பனையாளரின் கைவசமுள்ள வாகனத்துக்கு அதிலிருந்து கிடைக்கும் விலக்கு, 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. முன்பு 12 மாதங்களுக்கு மட்டுமே செல்லுபடியான டி.சி., 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. பல வகை வாகனங்களுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பத்தை அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் அளிக்கலாம். 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் முடிவெடுக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும். உறுப்பினர் பலர் இந்த வசதிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, சான்றிதழின் ஆயுள் டீலர்ஷிப் அங்கீகாரத்தோடு கட்டப்பட்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஏஜென்சி கைமாறினால், ஐந்தாண்டில் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் பழைய டி.சி.யை நம்பி வண்டியை வெளியே எடுக்க இயலாது.

எந்தெந்தக் காரியத்துக்கு அந்தப் பிளேட்டைப் பயன்படுத்தலாம் என்பதை விதிகள் ஒன்றொன்றாகவே சொல்லியுள்ளன: பழுதுபார்க்கும்போது சோதித்து ஓட்டுவது, வாங்க வருபவருக்கு நியாயமான அளவில் ஓட்டிக் காட்டுவது, எடைமேடைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் சென்று வருவது, பாடி கட்டவும் பெயின்ட் அடிக்கவும் பட்டறைக்குக் கொண்டுபோவது, ரயில் நிலையத்துக்கோ கண்காட்சிக்கோ எடுத்துச் செல்வது போன்றவை. விற்பனைப் பிரதிநிதி இரவில் வீட்டுக்குப் போவதும், உரிமையாளர் குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் போவதும் இப்பட்டியலில் எங்கும் இல்லை. ஒருவருக்கு வழங்கிய சான்றிதழை மற்றொருவர் பயன்படுத்தவும் விதி இடம் தரவில்லை. ஆகவே பக்கத்துக் கடைக்காரருக்குப் பிளேட்டை இரவல் கொடுக்கும் வழக்கம், நட்பின் பேரில் நடந்தாலும், கொடுத்தவரின் சான்றிதழையே ஆபத்தில் நிறுத்துகிறது.

சோதனையில் நம்மவர்கள் பெரும்பாலும் அகப்படுவது, டி.சி. பிளேட்டில் செல்லும் ஒவ்வொரு பயணத்தையும் குறிக்க வேண்டிய படிவம் 19 பதிவேட்டில்தான். சேஸிஸ் எண், போகும் நோக்கம், ஓட்டுநர் பெயர் ஆகியவற்றை வண்டி புறப்படுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். திரும்பிய நேரத்தை மட்டுமே பிறகு நிரப்பலாம். நடைமுறையிலோ, சனிக்கிழமை மாலையில் ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில், வாரம் முழுவதுக்குமான வரிகள் எழுதப்படுகின்றன. மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் இவ்வாண்டு நம் உறுப்பினர் ஒருவரின் பதிவேட்டைப் புரட்டி, ஒரே பிளேட் ஒரே நேரத்தில் எடைமேடையிலும் டெஸ்ட் டிரைவிலும் இருந்ததாக எழுதியிருப்பதைக் காட்டியபோது, பதில் சொல்ல எவராலும் முடியவில்லை. இத்தகைய ஒரு வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் அந்த வரியைத்தான் என்பதைச் செயற்குழு வலியுறுத்த விரும்புகிறது.

டெலிவரி குறித்தும் இதே கண்டிப்புத் தேவைப்படுகிறது. தற்காலிகப் பதிவோ நிரந்தரப் பதிவோ இல்லாமல் வாங்குபவரிடம் வாகனத்தை ஒப்படைக்கக் கூடாது என்பது விதி. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஷோரூமில் நின்றவர்களுக்கு, நல்ல நேரம் முடிவதற்குள் வண்டி வேண்டும் என்னும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது தெரியும், ஆயினும் டி.சி. பிளேட்டை மாட்டி அனுப்பிவைப்பது அதற்குத் தீர்வாகாது. முன்பதிவின்போதே பதிவுக்குரிய ஆவணங்களைப் பெற்றுவிடுமாறு அனைத்து உறுப்பினர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பப்பட்டது. அதைப் பின்பற்றியவர்களுக்குப் பண்டிகை நாட்களில் இத்தொல்லை பெரிதும் குறைந்துள்ளது.

பழைய வாகனங்களை வாங்கி விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு தனி விளக்கம் அவசியமாகிறது. டி.சி. பதிவாகாத வாகனங்களுக்கு மட்டுமே உரியது. பதிவான வாகனங்களின் விற்பனையாளர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தனி அங்கீகார முறை வந்துள்ளது. அதன்படி விற்பனைக்காக ஒப்படைக்கப்பட்ட வாகனத்துக்கு விற்பனையாளரே உரிமையாளராகக் கருதப்படுவார், ஒவ்வொரு பயணத்தையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும். இந்த அங்கீகாரத்தைப் பெறாமலேயே தொழில் நடத்துவோர் விரைவில் விண்ணப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படிவம் 19ஐ நிரப்பும் முறை குறித்து ஷோரூம் மேலாளர்களுக்கும் ஸ்டாக்யார்டு ஊழியர்களுக்கும் சங்கச் செலவில் பயிற்சி வகுப்பு நடத்தவும், டி.சி. பிளேட்டைப் பிறருக்கு இரவல் தந்தது உறுதியானால் அந்த உறுப்பினருக்குச் சங்கம் பரிந்துரைக் கடிதம் வழங்குவதில்லை என்றும் செயற்குழு தீர்மானித்துள்ளது. இவ்விரு தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்