கீற்றுக் குடிலின் கீழ்

நெவாத்திம், இஸ்ரேல்,
யூத நாள்காட்டியின் திஷ்ரி மாதம் 12

அன்பு மகளுக்கு,

யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாளின் நோன்பை முடித்த கையோடு நீ டொரண்டோவிலிருந்து அழைத்தபோது இங்கே அதிகாலை மூன்று மணி இருக்கும். தூக்கக் கலக்கத்தில் உனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "இருபத்தைந்து மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அம்மா, பசித்தது, தலை வலித்தது, அவ்வளவுதான், மனத்துக்குள் ஒன்றும் நிகழவில்லை, இனி இந்தப் பண்டிகைகளை எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?" என்று கேட்டாய். உன் குரலில் இருந்தது கோபமன்று, களைப்பு என்பது மட்டும் புரிந்தது. இன்று அம்மம்மாவின் நினைவுநாள். நேற்று மாலை ஏற்றிய விளக்கு சமையலறை மேடையில் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. வாசலில் உன் மாமா சுக்கோத் பண்டிகைக்குரிய சுக்காவுக்கு, நம் கீற்றுக் குடிலுக்கு, சட்டம் அடித்துக்கொண்டிருக்கிறார். உன் கேள்விக்கு விடை எழுத இதைவிடப் பொருத்தமான நாள் எனக்குக் கிடைக்காது.

அம்மம்மா மறைந்தபோது உனக்கு ஒன்பது வயது. அன்று மாலைக்குள் அடக்கம் முடிந்து, கிழித்த மேலாடையோடு, துணி போட்டு மூடிய நிலைக்கண்ணாடிக்கு எதிரே தாழ்வான முக்காலியில் நான் உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கலாம். ஷிவா என்னும் துக்கம் காத்தல் ஏழு நாள். எனக்குக் கிடைத்தவையோ மூன்றே நாட்கள். திஷ்ரி 15ஆம் நாள் சுக்கோத் தொடங்கிவிட்டால், அதற்கு முன் தொடங்கிய ஷிவா அத்தோடு ரத்தாகிவிடும். பண்டிகைக்குப் பிறகு மீதி நாட்களை உட்கார்ந்து தீர்க்கவும் முடியாது. 14ஆம் நாள் பிற்பகல் ஜெப ஆலயத்துப் பெரியவர் வாசலில் நின்று, "எழுந்திரு அம்மா, குளித்து நல்ல உடை உடுத்திக்கொள், பண்டிகை வருகிறது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் தாயை மண்ணில் வைத்து ஐம்பது மணி நேரம்கூட ஆகாத நிலையில், எந்தப் பஞ்சாங்கம் வந்து என் கண்ணீருக்குக் கெடு வைப்பது என்று நினைத்தேன். ஆனாலும் எழுந்தேன், பக்தியினால் அன்று, உங்களுக்குச் சோறு போட வேண்டியிருந்ததனால்.

அந்த இரவு நாம் சுக்காவில் சாப்பிட்டோம். மீன்குழம்பைப் பக்கத்து வீட்டார் கொண்டுவந்திருந்தார்கள். கொச்சியில் தென்னங்கீற்றால் வேய்ந்த குடிலை அம்மம்மா 1950களில் இந்தப் பாலைநிலத்துக்கு வந்தபின் பேரீச்ச மட்டையால் வேயக் கற்றுக்கொண்டாள். வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரியுமளவுக்கு இடைவெளியும் இருக்க வேண்டும் என்பதால் மட்டைகளை அவளே நின்று விலக்கியும் நெருக்கியும் அடுக்கச் சொல்வாள். அந்த ஆண்டு சொல்ல ஆளில்லாமல் உன் மாமா நெருக்கி அடுக்கிவிட்டார். பதினைந்தாம் நாள் ஆகையால் முழுநிலவு. ஒரேயொரு இடுக்கின் வழியாக அந்த வெளிச்சம் உன் தட்டின் மேல் விழ, நீ அதைச் சோற்றோடு சேர்த்துப் பிசைவதுபோல விளையாடினாய். நான் சிரித்துவிட்டேன். சிரித்தபின்தான் எனக்கு உறைத்தது.

நம் சட்ட விவாத நூலான தல்மூதில் சுக்கா என்னும் பகுதியில் இதைப் பற்றியே ஒரு பேச்சு வருவதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். சுக்காவில் இருப்பதால் துன்பப்படுகிறவனுக்கு அங்கே இருக்கும் கடமை இல்லை. மழை கொட்டினாலோ ஈ மொய்த்தாலோ எழுந்து வீட்டுக்குள் போகலாம். அப்படியானால் துக்கத்தில் இருப்பவனுக்கும் விலக்கு உண்டு என்றுதானே நினைப்போம்? இல்லை என்கிறார் அந்நூலில் வரும் ராவ் என்னும் அறிஞர். ஈயும் மழையும் தாமாக வருகிற துன்பங்கள். துக்கத்தை மனிதன் தானே தன்மேல் ஏற்றிக்கொள்கிறான், ஆகவே அவன் தன் மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ளக் கடமைப்பட்டவன் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். முதலில் படித்தபோது இரக்கமற்ற பேச்சாகத் தோன்றியது. துக்கத்தை யாராவது விரும்பி ஏற்றிக்கொள்வார்களா என்று புத்தகத்தோடு சண்டை போட்டேன். இப்போது அதை வேறு விதமாகப் படிக்கிறேன். உன் மனம் ஆறும்வரை காத்திருக்கிறேன், பிறகு வா என்று அந்தக் குடில் சொல்வதில்லை. மனம் ஆறாதவளாகவே வந்து உட்கார் என்கிறது.

நோன்பிருந்தும் உள்ளே ஒன்றும் நிகழவில்லை என்றாயே, நிகழ வேண்டும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? சுக்கோத்தில் "மகிழ்ந்திரு" என்பது நம் வேதமான தோராவின் கட்டளை. மகிழ்ச்சியை எப்படிக் கட்டளையிட முடியும் என்று நம் முன்னோர் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை; ஆண்களுக்கு மது, பெண்களுக்குப் புத்தாடை, குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைப் பருப்புகளும் என்று பொருள்களாகவே எழுதிவைத்தார்கள். இடைக்கால அறிஞர் ரம்பாம் அதோடு நிற்காமல், வாசலைச் சாத்திக்கொண்டு தன் பிள்ளைகளோடு மட்டும் உண்டு குடித்து, ஏழைக்கும் மனம் நொந்தவருக்கும் கொடுக்காதவனுடைய மகிழ்ச்சி வெறும் வயிற்றின் மகிழ்ச்சி என்று எழுதினார். இதில் எங்கும் உன் உணர்ச்சியை யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதைக் கவனி. நீயோ, நாள் முழுவதும் அலுவலகத்தில் உன் வேலையை மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள் என்று நொந்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் உன் நோன்புக்கு நீயே மதிப்பெண் போடுகிறாய்.

நான் எல்லாவற்றையும் விரும்பிச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து பெற்ற விடுதலையைக் கொண்டாடும் பெசாஹுக்கு முன் வீட்டைத் துலக்கும் வேலையை இளமையில் நான் மனமார வெறுத்தேன். புளித்த மாவின் ஒரு துணுக்கும் இருக்கக்கூடாது என்று அலமாரியின் மூலைமுடுக்கைக் குச்சியால் நோண்டுவதும், அரிசியைத் தட்டில் பரப்பி ஒவ்வொரு மணியாக மூன்று முறை பார்ப்பதும் பெண்களின் இடுப்பை ஒடிக்கிற வேலை. ஆண்கள் அதற்குப் பிறகு வந்து மேசையின் தலைமாட்டில் சாய்ந்துகொண்டு விடுதலையைப் பற்றிப் பேசுவார்கள். அம்மம்மாவிடம் இதைச் சொல்லிச் சண்டையிட்டிருக்கிறேன். இன்றும் அந்தக் குறை எனக்குத் தீரவில்லை. அரிசியை இப்போது உன் தம்பியும் உட்கார்ந்து பார்க்கிறான், அவ்வளவுதான் மாறியிருக்கிறது.

ஆகையால் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கும்படி உன்னிடம் கேட்கமாட்டேன். உன் வீட்டு மாடத்துக்கு மேலே இன்னொரு மாடம் இருப்பதாகச் சொன்னாய். வானம் தெரியாத இடத்தில் கட்டினால் சுக்கா செல்லாது, அந்தக் குளிரில் நீ கட்டவும் வேண்டாம். அங்குள்ள ஜெப ஆலயத்தின் சுக்காவில் ஒரு வேளை போய் உட்கார்ந்து சாப்பிடு. அதன்பின் ஷபாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையை மட்டும் எடுத்துக்கொள். சூரியன் மறையப் பதினெட்டு நிமிடம் இருக்கும்போது விளக்கேற்று. கைபேசியைச் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடு. தனியாக இருப்பவர் யாரையாவது சாப்பிட அழை. உன்னோடு வேலை செய்யும் அந்த விதவைப் பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, அவரை அழைக்கலாம். அந்த மாலை சலிப்பாகவே கழிந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமையும் ஏற்று. எனக்கு எத்தனையோ ஷபாத்துகள் சலிப்பாகத்தான் கழிந்தன. அம்மம்மா இல்லாத முதல் குளிர்காலத்தில் என்னை எழுப்பி நடமாட வைத்தவையும் அவையே.

அந்த மாலையில் மதுவின்மேல் சொல்லும் கித்துஷ் ஜெபத்துக்குக் கடையில் மது வாங்காதே. வியாழன் இரவே இரண்டு கைப்பிடி கறுப்பு உலர்திராட்சையை வெந்நீரில் ஊறவை. மறுநாள் கையால் நன்றாகக் கசக்கி, மெல்லிய துணியில் வடிகட்டு. கொச்சியில் நம்மவர் அப்படித்தான் செய்தார்கள். சக்கையை எறிந்துவிடாமல் இன்னொரு முறை நீர் விட்டுப் பிழிந்தால் மேலும் அரைக் குவளை கிடைக்கும்.

உன் மாமா மட்டைகளை ஏற்றத் தொடங்கிவிட்டார். இந்த முறையும் நெருக்கித்தான் அடுக்குகிறார். நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு விலக்கச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா