குட்டியானை இரவில் எங்கே நிற்கும்? வேலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். சத்துவாச்சாரியில் பிளம்பிங், எலக்ட்ரிக்கல் சாமான்கள் விற்கும் கடைக்காரன் எழுதுகிறேன். சிறு வியாபாரிகள் மின்வண்டிக்கு மாற வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். மாறினால் கட்டுபடியாகுமா என்று கடைக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். கட்டுபடியாகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதை நிறைவேற்றுவது வண்டி செய்யும் கம்பெனியின் வேலை அல்ல, உங்கள் வேலை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூனில், நாம் குட்டியானை என்று சொல்லும் சிறு சரக்கு வண்டி வகையில் டாடா ஏஸ் ப்ரோ விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை பெட்ரோல் வண்டிக்கு 3.99 லட்சம், மின்வண்டிக்கு 6.50 லட்சம். இரண்டும் 750 கிலோ சுமப்பவை. ஆக, வித்தியாசம் இரண்டரை லட்சம். அதே ஆண்டு செப்டம்பரில் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மின்வண்டிக்கு 2019 முதலே 5 சதவீதம் என்பதால் அதற்கு இறங்க இடமில்லை. விலை இடைவெளி இன்னும் கொஞ்சம் அகன்றதுதான் மிச்சம்.

சரக்கேற்றி நம் தெருக்களில் நின்று நின்று போகும் பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்வண்டியின் பேட்டரி 14.4 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்துப் பதினாறு யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்று கடை இணைப்பின் கணக்கில் போட்டாலும் நூற்று அறுபது ரூபாய். கம்பெனி 155 கிலோமீட்டர் ஓடும் என்கிறது. சுமையும் வெயிலும் சேர்ந்தால் நூறு ஓடினால் போதும் என்பது என் கணக்கு. அப்படியும் கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய்க்கு மேல் மிச்சம். நாளுக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டரை லட்சம் மூன்றரை ஆண்டில் திரும்பி வந்துவிடும். வட்டியைச் சேர்த்தால் இன்னும் சில மாதங்கள். நாளுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற மளிகைக்கடைக்காரருக்கு எட்டாண்டு ஆகும். அதற்குள் பேட்டரியின் உத்தரவாதக் காலத்தைப் பற்றி அவர் கவலைப்படத் தொடங்கிவிடுவார். ஊருக்குள் குறைவாக ஓட்டுகிறவருக்குத்தான் மின்வண்டி ஏற்றது என்று பலரும் சொல்கிறார்கள். கணக்கு அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

அதிகம் ஓட்டுகிறவருக்கு வேறு தொல்லை. குடியாத்தமோ ஆற்காடோ போய்த் திரும்புவதில் சிக்கல் இல்லை. ஆம்பூர் போய்த் திரும்பினாலே நூறு கிலோமீட்டர். அதற்கு மேல் ஒரு வாடிக்கையாளர் அழைத்தால் சார்ஜ் எவ்வளவு மீதி என்று பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒடுகத்தூர் தாண்டி மலையேறும் சரக்குக்கு நான் மின்வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். டைல்ஸ் கடைக்காரரையும் சிமென்ட் கடைக்காரரையும் விட்டுவிடுங்கள். 750 கிலோ என்றால் பதினைந்து மூட்டை சிமென்ட். பதினைந்தோடு நிறுத்தும் குட்டியானையை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தனியாக ஒரு மடல் எழுதலாம்.

மீதமிருப்பவர்கள் யார்? பேக்கரி, மருந்து மொத்த வியாபாரம், தண்ணீர் கேன், பால், மசாலா, என்னைப் போல் குழாயும் ஒயரும் விற்பவர்கள். பாகாயம், காட்பாடி, அணைக்கட்டு, பொய்கை என்று தினமும் ஒரே சுற்று. நாளுக்கு ஐம்பது முதல் தொண்ணூறு கிலோமீட்டர். இரவானால் வண்டி ஊருக்குத் திரும்பிவிடும். இவர்களுக்கு மின்வண்டி நிச்சயமாக லாபம், இரவில் மலிவாக சார்ஜ் போட இடம் இருந்தால்.

அந்த இடம்தான் இல்லை. லாங்கு பஜார், மண்டித் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு வியாபாரிகளில் வண்டி நிறுத்தச் சொந்த இடம் வைத்திருப்பவர் எத்தனை பேர்? கடை வாடகை, வீடும் வாடகை, வண்டி தெருவில். பதினைந்து ஆம்பியர் பிளக்கில் ஏழெட்டு யூனிட் ஏற்றுவதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும். எனக்குத் தெரிந்த ஒருவர் சரக்கு ஆட்டோவை மின்வண்டியாக வாங்கினார். இரண்டாம் மாடி ஜன்னல் கம்பி வழியே ஒயர் இறங்கும். கீழே அதன் நுனியில் சுவிட்ச் பாக்ஸ், மழைக்குப் பாலித்தீன் உறை, சைக்கிளில் போகிறவர் தடுக்கி விழாமல் இருக்க ஒரு செங்கல். வீட்டுக்காரர் மாதா மாதம் மீட்டரைக் காட்டிச் சண்டை போட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டணத்தின் படிக்கட்டே மாறிவிடுகிறதே!

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2022 மார்ச்சில் நம் அல்லாபுரத்தில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துப் புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். இந்த ஊரில் மின்வண்டி என்றதும் பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான். வண்டிகள் பிறகு மேம்பட்டிருக்கின்றன, விதிகளும் கடுமையாகியிருக்கின்றன. இருந்தாலும் குறுகிய படிக்கட்டுக்கு அடியில் வண்டியை சார்ஜ் போடுங்கள் என்று நான் எவரிடமும் சொல்லத் தயாரில்லை.

பொது சார்ஜிங் நிலையங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். நெடுஞ்சாலையோர ஓட்டல்களில் காருக்காக வைத்தவை அவை. யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்குக் குறையாமல் வாங்கினால், நான் மேலே காட்டிய மிச்சத்தில் கணிசமான பங்கு அங்கேயே கரைந்துவிடும். டிரைவரும் லோடுமேனும் பகலில் ஒரு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கும் கூலியையும் சேர்த்தால் பெட்ரோலே மேல்.

தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை, மின்வாகன நகரங்களாக உருவாக்க ஆறு ஊர்களைப் பெயர் குறிப்பிட்டது: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. 2016இலேயே ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த வேலூர் அதில் இல்லை. பக்கத்து இராணிப்பேட்டையில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது. பனப்பாக்கத்தில் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். வண்டி செய்ய நாம் வேண்டும், ஓட்ட வேண்டாம் போலிருக்கிறது. மத்திய அரசும் அப்படித்தான்: 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம் மூன்று சக்கர வண்டிக்கும் பெரிய லாரிக்கும் மானியம் வைத்தது. நடுவில் நிற்கும் குட்டியானை அதன் கண்ணில் படவில்லை. அதை உங்களால் மாற்ற முடியாது. இடம் கொடுக்க முடியும்.

நேதாஜி மார்க்கெட்டைச் சுற்றியும் புதிய பேருந்து நிலையத்தின் பக்கமும் சரக்கு வண்டிகளுக்கென்று ஒரு பகுதியை இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை ஒதுக்குங்கள். வேகமான சார்ஜர் தேவையில்லை. கோடிக்கணக்கில் டெண்டர் விட வேண்டாம். சாதாரண பதினைந்து ஆம்பியர் பிளக், ஒவ்வொன்றுக்கும் மீட்டர், மேலே தகரக் கூரை, ஒரு காவலாளி, மணல் வாளி, இவ்வளவுதான். மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் இரண்டு ரூபாய் வைத்து வாங்குங்கள், கொடுக்கிறோம். பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் அப்புறம் இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். வீடு வீடாகக் குப்பை வாங்க மாநகராட்சியே பேட்டரி வண்டிகளை ஓட்டுகிறது. கத்திரி வெயிலில் அவை எவ்வளவு தூரம் ஓடின, பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கியது, மாற்ற எவ்வளவு ஆனது என்ற விவரம் உங்கள் கோப்புகளில் இருக்க வேண்டும். அதை வெளியிடுங்கள். கம்பெனியின் விளம்பரத் தாளைவிட நம் ஊர் வெயிலில் ஓடிய வண்டியின் கணக்கைத்தான் நாங்கள் நம்புவோம். கடன் கொடுக்கிறவர்களுக்கும் அது உதவும். மின்வண்டியின் மறுவிற்பனை விலை தெரியாததால் முன்பணமும் வட்டியும் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

இடம் பார்க்க அதிகாரிகளை அனுப்புவதாக இருந்தால், காலை பதினொரு மணிக்கு ஜீப்பில் அனுப்பாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் மண்டித் தெருப் பக்கம் நடந்து வரச் சொல்லுங்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். நாங்கள் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி கடைக்காரன்