ஆண்டறிக்கை: கிளவுசன் மலைப்பாதையும் நின்றுபோன பந்தயமும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் சங்கம் எட்டு முறை கூடியது. அவற்றுள் ஆறு கூட்டங்கள், நாம் வாழும் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்து லிந்தால் ஊரிலிருந்து கிளவுசன் கணவாய்க்கு 1922 முதல் 1934 வரை பத்து முறை நடந்து நின்றுபோன மோட்டார் மலையேற்றப் பந்தயத்தைப் பற்றியே நடந்தன. ஆகவே இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில் ஒரு திருத்தம். 1955இல் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை அடுத்து சுவிஸ் அரசு விதித்த தடையால்தான் இப்பந்தயம் நின்றது எனச் சென்ற ஆண்டறிக்கையில் எழுதியிருந்தேன். அது என் பிழை. அந்தத் தடை சுற்றுப்பாதைப் பந்தயங்களுக்கானது. மலையேற்றப் பந்தயங்களை அது தடுக்கவில்லை. மேலும், கிளவுசனில் கடைசிப் பந்தய வண்டி ஓடி 21 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது வந்தது. பலர் வாயிலும் கேட்டதை, ஆண்டுகளைக் கழித்துப் பார்க்காமல் எழுதிவிட்டேன். பிழையைச் சுட்டிக்காட்டிய இளம் உறுப்பினருக்கு நன்றி.

1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த மலைச்சாலையில் பந்தயத்துக்கென ஒதுக்கப்பட்ட தூரம் 21.5 கிலோமீட்டர், வளைவுகள் 136. இன்றுள்ள தார் அன்று இல்லை. சரளைக்கல் பரப்பிய பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நேரத்தோடு போட்டியிட்டன. இவ்வளவும் நடக்கத் தொடங்கிய 1922இல், பக்கத்து மாநிலமான கிரவுபுண்டனில் மோட்டார் கார் ஓட்டுவதே தடை. அந்தத் தடை 1925இல்தான் நீங்கியது. மலைக்கு இப்பால் பந்தயம், அப்பால் தடை என்பதைக் கூட்டத்தில் வாசித்தபோது பலரும் நம்ப மறுத்தனர்.

பாதையின் நடுவே வளைவுகள் ஓய்ந்து, ஊர்னர்போடன் என்னும் நீண்ட மேய்ச்சல் வெளி விரிகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இழந்த நேரத்தை ஓட்டுநர்கள் மீட்டுக்கொண்ட இடம் இந்த நேர்சாலைதான். கணவாய்க்குக் கிளாருஸ் பக்கமாக இருந்தும் இவ்வெளி கணவாய்க்கு அப்பாலுள்ள ஊரி மாநிலத்துக்கு உரியது. அதற்கும் ஓர் ஓட்டப்பந்தயக் கதை உண்டு. எல்லைத் தகராறைத் தீர்க்க, சேவல் கூவியதும் இருபுறமிருந்தும் ஒவ்வொருவர் ஓடிவர வேண்டும், சந்திக்கும் இடமே எல்லை என முடிவாயிற்றாம். ஊரிக்காரர் பட்டினி போட்ட சேவல் விடியுமுன்னே கூவியது. கிளாருஸ்காரர் தீனி போட்டுக் கொழுக்க வைத்த சேவல் தூங்கிவிட்டது. பிந்திப்போன கிளாருஸ் ஓட்டக்காரர் கொஞ்சம் நிலம் கேட்டுக் கெஞ்ச, என்னைச் சுமந்து ஏறும் தூரம் உனக்கு என்றார் மற்றவர். சுமந்து ஏறியவர் ஓர் ஓடைக்கரையில் விழுந்து இறந்தார். இது கதைதான், வரலாறு அன்று. ஆயினும் பிள்ளைகளுக்குப் பந்தயக் கார்களைவிட அந்தச் சேவல்களே பிடித்துப்போயின.

கடைசிப் பந்தயம் 1934 ஆகஸ்டில் நடந்தது. மெர்சிடிஸ் டபிள்யூ 25 வண்டியில் ருடோல்ஃப் கரச்சோலா 15 நிமிடம் 22.2 விநாடியில் ஏறி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 84 கிலோமீட்டர் என்பது நம் கணக்கு. மலைகளின் அரசன் எனப் பெயர் பெற்ற ஹான்ஸ் ஸ்டுக், ஓட்டுநருக்குப் பின்னால் என்ஜின் பொருத்திய ஆட்டோ யூனியன் வண்டியில் சில விநாடிகள் பிந்தினார். கரச்சோலாவோ முந்தைய ஆண்டு மொனாக்கோ விபத்தில் தொடை எலும்பு நொறுங்கியவர். 1934 பெப்ரவரியில் பனிச்சரிவில் மனைவியை இழந்தவர். நேரத்தை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்டுச் சுற்றுலாவில் 34 பேர் கலந்துகொண்டோம். வாடகைக்கு அமர்த்திய பேருந்து 40 நிமிடம் தாமதமாக வந்ததற்குப் பொறுப்பானவர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டனர். லிந்தாலில் பேருந்து நகர்ந்ததும் பின் இருக்கைச் சிறுவன் ஒருவன் கைபேசியில் நேரம் பிடிக்கத் தொடங்கினான். 15 நிமிடம் 22 விநாடி ஆனபோது "கரச்சோலா மேல போயிட்டார்!" என்று கத்தினான்; நாங்களோ ஊர்னர்போடனுக்கே வந்து சேரவில்லை, எதிரே வந்த அஞ்சல் பேருந்துக்கு வழிவிட்டு வளைவொன்றில் நின்றிருந்தோம். அதன் மூன்று சுர ஊதல் பாறையில் பட்டுத் திரும்பியது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தை இளமையில் பார்த்த பெரியவர் ஒருவர், "அதைப் போல இருபது மடங்கு இருக்கும் போல, தம்பி" என்றார்.

1993 முதல் சில ஆண்டு இடைவெளிகளில் பழைய வண்டிகளின் நினைவோட்டங்கள் இப்பாதையில் நடந்துள்ளன. 2013இல் நடந்ததை நம் உறுப்பினர் மூவர் நேரில் பார்த்திருக்கின்றனர். அவர்கள் எடுத்த படங்களைத் தொகுத்து, பாதையின் வரலாற்றைத் தமிழில் 16 பக்கச் சிறுநூலாக்கச் செயற்குழு ஒப்புதல் தந்துள்ளது. கணவாய் குளிர்காலத்தில் மூடப்படுவதால், விடுபட்ட வளைவுகளின் படங்களைக் கோடையில்தான் எடுக்க முடியும். அச்சுச் செலவு விவரத்தைப் பொருளாளர் இனி வாசிப்பார்.