ஆடிட்டருக்கு ஒரு கேள்வி

அன்புள்ள சேகர்,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நீ திட்டப்போவதெல்லாம் எனக்கு மனப்பாடம். வாங்கிக்கொண்டதாகவே வைத்துக்கொள். பெரியவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சந்தானம் சொன்னான். ரொம்ப சந்தோஷம், தேதியை எழுது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

என்னைப் பிடித்து வைத்திருப்பது அணு விவகாரம். வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். "ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை" என்பாய். சொல்லிக்கொள். ஆனால் இது முழுக்க உன் தொழில்டா! உளவாளிக் கதையை எதிர்பார்க்காதே, அங்கே நடப்பது சுத்தமான ஸ்டாக் ஆடிட்.

குண்டு செய்ய மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்ட ஒவ்வொரு நாடும் தன்னிடமுள்ள யுரேனியம், புளூட்டோனியத்துக்குக் கணக்கு எழுதித் தர வேண்டும். ஆய்வாளர் வந்து எண்ணுவார், அளப்பார், சீல் வைப்பார். அந்த சீல் இருக்கிறதே, அதற்கே தனிக் கடிதம் எழுதலாம். பல வருடம் புழங்கியது சின்ன உலோக மூடி. உட்புறம் ஈயப் பற்றை உருக்கிவிட்டு, கண்டபடி கீறி, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு சீலைக் கழற்றி வியன்னாவுக்கு எடுத்துப்போய்ப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதே கிறுக்கலை இன்னொருவன் போட முடியாதல்லவா? கிறுக்கல் என்றதும் கணக்கு வாத்தியார் என் நோட்டைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் வந்தது. உனக்கும் வந்திருக்கும், சிரிக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குண்டுக்கு 8 கிலோ புளூட்டோனியம் என்று முகமை கணக்கு வைத்திருக்கிறது. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைக் கரைத்து வருடத்துக்கு 8 டன் புளூட்டோனியம் பிரிக்கும் பெரிய ஆலை ஒன்றை எடுத்துக்கொள். அளவீடு 1 சதவீதம் பிசகினால் போதும், 80 கிலோ. பத்துக் குண்டு! இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கணக்கில் வராத பொருள்'. ஜப்பானின் டோக்காயில் எரிபொருள் செய்யும் ஓர் ஆலையில் சுமார் 70 கிலோ புளூட்டோனியம் கருவிகளுக்குள்ளேயே தேங்கிக் கிடந்தது 1994-ல் பெரிய செய்தியானது. யாரும் களவாடவில்லை, தூளாக வேலைப் பெட்டிகளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பேரேட்டில் துண்டு விழுந்தது விழுந்ததுதானே? அந்த ஐந்தொகையில் நீ கையெழுத்துப் போடுவாயா?

இன்னொன்று, காட்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது. ஈராக்கில் அறிவித்த இடங்களை ஆய்வாளர்கள் ஒழுங்காகப் பார்த்துவந்தார்கள், கணக்கும் இடிக்கவில்லை. 1991 போருக்குப் பிறகுதான் தெரிந்தது, மறைவாக ஒரு முழுத் திட்டமே ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகே பருத்தித் துணியால் சுவரைத் துடைத்துத் துகளை ஆராய்வதும், காட்டாத இடத்தையும் பார்க்க ஆய்வாளருக்கு வழிவிடும் கூடுதல் நெறிமுறை 1997-லும் வந்தன. அதிலும் நாடுகள் விரும்பினால்தான் கையெழுத்திடும். ஆடிட்டரை உள்ளே விடுவதா என்று கம்பெனியே முடிவு செய்கிற மாதிரி.

அப்புறம் நம் அணு விஞ்ஞானி ஹோமி பாபா. அணுசக்தியை அமைதிக்குப் பயன்படுத்துவது பற்றிய 1955 ஜெனீவா மாநாட்டுக்குத் தலைவர் அவர்தான். மறு வருடம் முகமையின் சட்டதிட்டத்தைப் பேசியபோது கடுமையான கண்காணிப்பை எதிர்த்து நின்றார். சொந்தமாகச் செய்துகொள்கிறவனுக்குக் காவல் இல்லை, உதவி கேட்கிறவனுக்கு மட்டும் காவலா என்பது அவர் வாதம். இன்றைக்குப் படித்தாலும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கனடா நமக்குக் கொடுத்த சைரஸ் என்ற ஆராய்ச்சி அணு உலைக்கு ஆய்வாளர் யாரும் கிடையாது, அமைதிக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்ற வாக்குறுதிதான். 1974-ல் பொக்ரானில் வெடித்தது அந்த உலையின் புளூட்டோனியம். நாம் வகுப்பில் கைதட்டினோம், நினைவிருக்கிறதா? மற்ற நாடுகள் பதறிப்போய், அணுப்பொருள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைக்க அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவை அமைத்தன.

சேகர், விளையாட்டில்லாமல் கேட்கிறேன். பாபா பக்கமும் நிற்கிறேன், அந்த சீல் வைக்கிறவன் பக்கமும் நிற்கிறேன். எழுத உட்கார்ந்தால் இரண்டு பத்திகளும் அடித்துக்கொள்கின்றன. எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம் வரும்வரை ஆடிட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாட்டுக்காரன் அதையே சொன்னால் தூக்கம் வருமா எனக்கு?

அத்தியாயத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பேனாவோடு படி. அந்த 80 கிலோவுக்கு உன் தீர்ப்பு கட்டாயம் வேண்டும். "பார்த்தேன், சரி" என்று ஒற்றை வரியில் தப்பித்தாயானால், மொட்டை மாடி விவகாரத்தைக் கல்யாணத்தன்று உன் சம்பந்தியிடம் நானே சொல்வேன்.

அன்புடன்,
ரங்கன்