பிரேக் டியூபை அறுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரில்லர் படங்களின் இலக்கணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மலைப்பாதை, மூடுபனி, பழைய பங்களா மூன்றையும் ஒரே வரியில் கடந்துவிட்டது. இங்கே நீலகிரியில் படமெடுக்க வருகிறவர்களும் அப்படித்தான் கடக்கிறார்கள். பங்களாவை விட்டுவிடலாம், லாந்தரோடு ஒரு வாட்ச்மேன் வந்தே தீருவார்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். வில்லன் டியூபை அறுப்பான். பத்துப் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டிய பிறகே பிரேக் பிடிக்காமல் போகும். நடக்காது. டியூப் அறுந்தால் முதல் சில மிதியிலேயே ஆயில் வெளியேறி, பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். பங்களா கேட்டிலேயே டிரைவருக்குத் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு, இப்போதைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதையில் ஓடுகிறது. ஒன்று போனாலும் மற்றது ஓரளவு பிடிக்கும்.

இங்கே பிரேக் போவது வேறு விதம். ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலைப் பாடம். சமவெளிக்காரர் நான்காவது கியரிலோ, பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலிலோ இறங்குவார். மொத்த பாரமும் பிரேக்கின் தலையில். முதலில் கருகல் வாசனை, பிறகு சக்கரத்தில் லேசான புகை, அதன் பிறகுதான் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காத நிலை. புகையைப் பின்னால் வரும் பஸ்காரர் பார்க்கிறார், நாமும் பார்க்கிறோம். ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியாது. மேஜைக்கடியில் குண்டு இருப்பதை ரசிகனுக்குச் சொல்லாவிட்டால் 15 விநாடி அதிர்ச்சி, முன்பே சொல்லிவிட்டால் 15 நிமிடப் பதற்றம் என்றார் திரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக். அந்தக் குண்டு இங்கே சக்கரத்திலேயே இருக்கிறது.

மூடுபனியில் ஹீரோ ஹைபீம் போட்டுக்கொண்டு பறக்கிறார். ஹைபீம் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி, எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். இங்கே ஓட்டுகிறவர்கள் லோபீமுக்கு இறக்கி, கண்ணாடியைத் திறந்து, எதிர்வண்டி ஹாரனைக் காதால் தேடிக்கொண்டு ஊர்வார்கள். பின்னணி இசையை நிறுத்தினாலே போதும், காட்சி தானாக மனதில் நிற்கும். பாட்டே இல்லாமல் 1954-இல் 'அந்த நாள்' படம் வந்துவிட்டது. இசையை இரண்டு நிமிடம் விட்டுக்கொடுக்க நம் இயக்குநர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

மூடுபனியையும் உறைபனியையும் ஒரே இரவில் காட்டுவதும் ஒட்டவில்லை. உறைபனி பெரும்பாலும் மேகமும் காற்றும் இல்லாத டிசம்பர், ஜனவரி இரவுகளில் விழுவது. அதன்மேல் நடந்தால் வெள்ளைப் புல்லில் கரும்பச்சையாகக் காலடி பதியும். வெயில் ஏறினால் பனியோடு அதுவும் போய்விடும். விடிந்து சற்று நேரமே உயிரோடிருக்கும் தடயம்! இதை விட்டுவிட்டு சேற்றில் ஷூ அடையாளம் தேடுகிறார்கள்.

துரத்தலுக்கு ஒரு கெடு வேண்டுமே? நள்ளிரவில் ஊட்டியிலிருந்து முதுமலை வழியாக மைசூருக்குத் தப்புவதாக எழுதுகிறார்கள். முதுமலை தாண்டியதும் வரும் பந்திப்பூர் காட்டுச்சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அடைப்பு. ஆம்புலன்சுக்கும் சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு (ஆம்புலன்ஸ் என்றதும் கதாசிரியருக்குப் பொறி தட்ட வேண்டும்). ஊட்டியிலிருந்து கீழே இறங்க இரண்டு வழி. கல்லட்டி குறுக்குவழி, 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்து. வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. கூடலூர் வழி சுற்று. வில்லனிடம் டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டி, தங்கையைத் தேடி வந்த அண்ணனிடம் சென்னை வண்டி. அவன் கல்லட்டியில், இவன் கூடலூரில், இருவருக்கும் முன்னால் அதே ஒன்பது மணி. மாற்றி மாற்றிக் காட்ட வேறென்ன வேண்டும்?

இன்னொன்று. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தே வர வேண்டும். வண்டி எண் பதிவாகிவிடும். 'அவன் மலைக்கு வந்ததே யாருக்கும் தெரியாது' என்று இன்ஸ்பெக்டர் உதடு பிதுக்கும் வசனம் இனிச் செல்லாது. அந்த வசனம் வேண்டுமென்றால் கொலைகாரனை அரசுப் பேருந்தில் ஏற்றி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்